பூனையின் தவமும் பந்தின் திருப்பமும்

மாமல்லபுரத்தில் ‘அருச்சுனன் தவம்’ என வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தைக் காணச் செல்வோரில் பெரும்பாலோர் யானைகளைக் கண்டு வியந்து, ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைச் சுட்டிக்காட்டிப் பேசிவிட்டு, கடற்கரைக் கோயிலை நோக்கி நடந்துவிடுகின்றனர். அந்த யானைகளின் அருகிலேயே ஒரு பூனையும் நிற்கிறது. பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே அதுவும் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். கதை நமக்குத் தெரிந்ததே. ஊன் உண்பதை விட்டுவிட்டதாகச் சொல்லி, நம்பி வந்த எலிகளை ஒவ்வொன்றாகத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்திலேயே வருகிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அதனை உண்மைத் தவசியின் காலடியிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். வஞ்சனைக்கு இதைவிடத் தெளிவான உருவத்தைக் கல்லில் காண்பது அரிது.

அங்கிருந்து எந்தத் திசையில் சென்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரை மணலிலும், செங்கற்பட்டு வரையுள்ள வறண்ட ஏரிப்படுகைகளிலும், டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் இளைஞர்களைக் காணலாம். பந்து வீசுகிறவன் வேகமாக ஓடி வருகிறான்; கையும் வேகமாகவே சுழல்கிறது; பந்து மட்டும் தயங்கித் தயங்கி வருகிறது. அதற்குள் மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டவன் வெட்கத்தோடு திரும்பிப் பார்க்க, பின்னால் நட்டிருந்த குச்சி சாய்ந்து கிடக்கிறது. ‘நல்லா ஏமாத்திட்டான்’ என்பதுதான் அங்கே எழும் பாராட்டுச் சொல். மட்டையை இழந்தவனே சிரித்துக்கொண்டு அதைச் சொல்வதும் உண்டு.

பூனையை இகழும் நாம் இவனைப் புகழ்வது ஏன்? இருவரும் செய்வது ஒன்றுதானே? ஒன்றைக் காட்டி மற்றொன்றைச் செய்கின்றனர். விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் நம் பேச்சு வழக்கு அவ்வளவு எளிதாக நகர விடுவதில்லை. ‘சாமர்த்தியம்’ என்னும் ஒரே சொல்லைக் கொண்டு பந்து வீசுகிறவனையும் புகழ்கிறோம். மழைக்காலத்தில் இடுப்பளவு நீர் நிற்கும் மனையைக் கோடைக்காலத்தில் காட்டி விற்றுவிட்ட தரகனையும் புகழ்கிறோம். பிள்ளைகள் இரண்டையும் கேட்டு வளர்கின்றனர். பிழைக்கத் தெரிந்தவன் என்றால் ஏமாற்றத் தெரிந்தவன் என்று அவர்கள் பொருள் கொண்டால், அப்பொருளைக் கற்பித்தவர்கள் நாமே. ஆகவே இவ்வினாவை விளையாட்டுக்காகவேனும் சற்று ஆராய்ந்து பார்ப்பது தகும்.

இதனை மிகக் கூர்மையான வடிவில் காண வேண்டுமாயின், அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தை ஒரு கணம் நோக்கலாம். நம்மில் பலர் அதனை ஆடியதில்லை. எனினும் விளங்கிக்கொள்வது கடினமன்று. பந்தை எறிபவர் சிறு மேடொன்றில் நிற்கிறார். மட்டைக்காரர் நிற்கும் தளம் அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் உள்ளது. பந்து தரையில் பட்டு எழுவதில்லை. நேரே வந்து சேர்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து அத்தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. அதற்குள் பார்த்து, முடிவு செய்து, மட்டையை வீச வேண்டும். மனிதக் கண்ணும் கையும் இவ்வளவு விரைவாக இயங்க இயலாமையால், மட்டைக்காரர் பந்து வந்தபின் அடிப்பதில்லை. எறிபவரின் தோளையும் கையையும் கண்டு, வரப்போவதை ஊகித்தே அடிக்கத் தொடங்குகிறார். எறிபவரின் கலை முழுவதும் அந்த ஊகத்தைப் பிழைபடச் செய்வதில் அடங்கியுள்ளது.

இதில் ‘ஸ்டார்ட்டிங் பிட்சர்’ எனப்படும் தொடக்க எறிவாளரின் நிலை தனி. அவர் ஓர் ஆட்டத்தில் நூறு பந்துகள் வரை எறிகிறார். எதிரணியின் ஒன்பது மட்டைக்காரரும் ஒரு சுற்று வந்து முடிந்தபின் மீண்டும் வருகின்றனர். அவர் தொடர்ந்து எறிந்தால் மூன்றாம் முறையும் வருகின்றனர். முதன்முறை ஏமாந்தவர் இரண்டாம் முறை விழித்துக்கொள்கிறார். மூன்றாம் முறை அவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. நல்ல எறிவாளர்கள்கூட மூன்றாம் சுற்றில் கூடுதலாக அடிவாங்குவது கணக்குகளில் தெளிவாகத் தெரிவதால், இப்போது பல அணிகள் அதற்கு முன்பே அவரை வெளியே அழைத்துக்கொள்கின்றன. மூன்றாம் சுற்றிலும் வெல்பவர் யாரோ, அவரையே உயர்ந்த எறிவாளர் என்கின்றனர். பூனைக்கும் எறிவாளருக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தலைகாட்டத் தொடங்குகிறது என்பதை வாசகர் குறித்துக்கொள்ளட்டும். பூனையின் தவம் ஒருமுறைதான் பயன்படும். எலிகளுக்குத் தெரிந்துவிட்டால் அதன் தொழில் முடிந்தது.

வேகமே வெற்றிக்குக் காரணம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும். நோலன் ரயன் என்பவர் தம் காலத்தில் வேகத்துக்குப் பெயர் பெற்றவர். அவர் வீழ்த்திய 5,714 மட்டைக்காரர்கள் என்னும் எண்ணிக்கையை இன்றுவரை எவரும் எட்டவில்லை. ஆனால் குறி தவறி எறிந்து மட்டைக்காரரை இலவசமாக நடக்கவிட்டதிலும் அவரே முதலிடம் பெற்றிருக்கிறார். ஆண்டின் சிறந்த எறிவாளருக்குரிய சை யங் விருது அவருக்கு ஒருமுறைகூடக் கிட்டவில்லை. கிரெக் மேடக்ஸ் என்பவரோ வேகத்துக்குப் பெயர் பெற்றவரல்லர். மூக்குக்கண்ணாடி அணிந்தால் கணித ஆசிரியர் போலத் தோன்றுவார். அவ்விருதை 1992 முதல் 1995 வரை தொடர்ந்து நான்காண்டுகள் அவர் பெற்றார். விரைந்து வரும் பந்துக்கும் மெதுவாக வரும் பந்துக்கும் அவரது கை ஒரே மாதிரி அசைந்தது. விரல்கள் பந்தைப் பற்றிய விதம் மட்டுமே வேறு. பந்து விழ வேண்டிய இடத்தில், அங்குலம் பிசகாமல் விழுந்தது.

சாண்டி கூஃபாக்ஸின் வரலாறு இதனினும் சுவையானது. 1955-இல் ஆடத் தொடங்கிய அவர், ஆறாண்டுகள் தம் வலிமை முழுவதையும் திரட்டி எறிந்தும் பந்து போகும் இடம் அவருக்கே தெரியவில்லை. 1961-இல் பயிற்சிக் காலத்தில் உடன் ஆடிய ஒருவர், இவ்வளவு வன்மையாக எறியாதே என்று சொன்னார். சற்றுத் தளர்த்தி எறிந்தபின் பந்து சொன்ன சொல் கேட்டது. அடுத்த ஐந்தாண்டுகள் அவரை எதிர்கொள்வார் இல்லை. பின் முழங்கை மூட்டழற்சியால் 1966-இல், முப்பது வயதிலேயே, விலகிவிட்டார். இவ்வரிசையில் நம் நாட்டினர் இருவரையும் சேர்க்க வேண்டும். ஈட்டி எறிதலில் பழகிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் உத்தரப்பிரதேச இளைஞர்கள், கை வலிமையைக் கண்டு தேர்ந்தெடுக்கும் போட்டியொன்றின் வழியாக 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அணியால் ஒப்பந்தம் செய்யப்பட்டனர். திரைப்படமே எடுக்கும் அளவுக்கு அது அதிசயமாகப் பேசப்பட்டது. எனினும் உயர்மட்ட ஆட்டத்தை இருவரும் எட்டவில்லை. கையின் வலிமை கொடையாகக் கிட்டும். அந்தக் கையை ஆயிரம் முறை ஒரே மாதிரி அசைப்பது கொடையாகக் கிட்டுவதில்லை.

கடல் கடந்து கண்ட இச்செய்தியை நம் மாவட்டத்துச் சாலையிலேயே மீண்டும் சந்திக்கலாம். சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் வந்தால், திருப்போரூருக்கு முன்பாகக் காலவாக்கம் வருகிறது. அங்குள்ள எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் பயின்றவர் இரவிச்சந்திரன் அசுவின். அதற்குமுன் சாந்தோம் புனித பீட்ஸ் பள்ளி மாணவர். பள்ளிப் பருவத்தில் தொடக்க ஆட்டக்காரராகவும் மிதவேகப் பந்துவீச்சாளராகவும் இருந்து, பின்னரே சுழற்பந்துக்கு மாறினார். 2011-இல் டெஸ்ட் ஆட்டங்களில் அடியெடுத்து வைத்து, 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஓய்வை அறிவித்தபோது, 106 ஆட்டங்களில் 537 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தார். இன்னிங்ஸ் ஒன்றில் ஐந்தோ அதற்கு மேலோ வீழ்த்தியது 37 முறை.

அவர் கையில் ‘சொடுக்குப் பந்து’ ஒன்று உண்டு. கேரம் காயைச் சுண்டுவதுபோல் நடுவிரலால் சுண்டிவிடும் பந்து; பிறர் அதனைக் கேரம் பந்து என்பர். சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்து ஆடியபோது கண்டு கற்றது அது. தெருவில் பிறந்த வித்தை உலக அரங்கேறியது என்று நாம் மகிழலாம், மகிழவும் வேண்டும். ஆனால் 537 விக்கெட்டுகளும் சொடுக்கில் விழுந்தவையல்ல. சொடுக்குப் பந்தை எப்போதோ ஒருமுறைதான் அவர் வெளியே எடுத்தார். மற்ற நேரமெல்லாம் சாதாரணமான ஆஃப் ஸ்பின் பந்து, அதே இடத்தில், அதே கையசைவில், சற்று மெதுவாக, சற்று விரைவாக, ஒருமுறை கிரீஸின் ஓரத்திலிருந்து, மறுமுறை உள்ளிருந்து. இங்கிலாந்தின் பென் ஸ்டோக்ஸ் டெஸ்ட் ஆட்டங்களில் அவரிடம் 13 முறை ஆட்டமிழந்திருக்கிறார். பதின்மூன்றாம் முறை ஸ்டோக்ஸுக்கு அசுவினைப் பற்றித் தெரியாதது என்ன இருந்திருக்கும்? படக்கருவிகள் ஒவ்வொரு பந்தையும் பதிவு செய்து, மெதுவாக ஓட்டிக் காட்டும் காலம் இது. எல்லாம் தெரிந்த பின்னரும் ஆட்டமிழக்கச் செய்வதற்கு வெறும் மறைப்பு போதாது.

மறைப்பு மட்டுமே உடையவர் என்ன ஆவார் என்பதற்கும் சான்று இருக்கிறது. இலங்கையின் அஜந்த மெண்டிஸ் 2008-இல் இந்திய அணிக்கு எதிராக அறிமுகமானபோது, அதே விரற்சுண்டலால் மூன்று டெஸ்டுகளில் 26 விக்கெட்டுகளை வீழ்த்தினார். திராவிட், இலட்சுமண் போன்றோரே திகைத்து நின்றனர். பின் ஆட்டக்காரர்கள் அவரது விரல்களைப் படித்துவிட்டனர். 19 டெஸ்டுகளோடு அவர் கணக்கு முடிந்தது. அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதனை எழுதவில்லை. அந்த மூன்று ஆட்டங்களைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அசுவினுக்கும் இத்தகைய காலம் வந்தது. 2013 டிசம்பரில் யோகன்னஸ்பர்க் நகரில் 42 ஓவர்கள் வீசியும் அவருக்கு ஒரு விக்கெட்கூடக் கிட்டவில்லை. அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. மீண்டும் டெஸ்ட் ஆட 2014 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைவெளியில் அவர் புதிய வித்தை எதையும் தேடி ஓடவில்லை. தம் பந்துவீச்சின் அடிப்படை அசைவுக்குத் திரும்பி, அதனைச் சீர்செய்துகொண்டு வந்தார்.

இப்போது முதல் வினாவுக்குத் திரும்புவோம். எதிரே நிற்பவர், தாம் ஏமாற்றப்படப் போவதை அறிந்தே நிற்கிறார். அதற்கு இசைந்தே களத்துக்கு வந்திருக்கிறார். தாமும் பந்துவீச்சாளரை ஏமாற்ற முயல்கிறார்; கால்களை நகர்த்தி, வேறிடத்தில் அடிப்பதுபோல் பாவனை செய்கிறார். இருவருக்கும் இடையே சொல்லப்படாத ஓர் உடன்படிக்கை இருக்கிறது. பந்து எங்கே திரும்பும் என்பதைச் சொல்லமாட்டேன்; ஆனால் பந்து பந்தாகவே இருக்கும், கை விதிப்படியே அசையும் என்பது அந்த உடன்படிக்கை. எலிகள் பூனையோடு இப்படி எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளவில்லை.

புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி இரு நூல்கள் எழுதியவர். எந்தப் பொய்யும் பாவமே என்பதில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரை ஆசானாகக் கொண்ட புனித தாமஸ் அக்குவினாஸ், போரில் பதுங்கியிருந்து தாக்குவது முறையாகுமா என்னும் வினாவை எடுத்துக்கொள்ளும்போது, நமக்குப் பெரிதும் பயன்படும் ஒரு பாகுபாட்டைச் செய்கிறார். பகைவனிடம் பொய் சொல்வதும் கொடுத்த வாக்கை மீறுவதும் எந்நாளும் முறையல்ல. பகைவர்க்கிடையிலும் காக்கப்பட வேண்டிய நெறிகள் உண்டு. ஆனால் நம் உள்ளக்கருத்தை அவனுக்கு வெளிப்படுத்தாமல் மறைப்பது பொய்யாகாது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள் அல்லர். யோசுவா ஆயி நகருக்குப் பின்புறம் படையைப் பதுங்க வைத்ததை அவர் இதற்குச் சான்றாகக் கொள்கிறார். மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. அவர் போரைப் பற்றி எழுதியதை விளையாட்டுக்குப் பொருத்துவது தகுமா என்று கேட்போர் இருக்கலாம். போருக்கே இவ்வளவு நுட்பமான அளவுகோல் வேண்டுமென்றால், மகிழ்ச்சிக்காக ஆடப்படும் ஆட்டத்துக்கு வேண்டாமா என்பதே என் எதிர்வினா.

வியப்பு என்னவென்றால், இறையியலைப் பற்றிக் கவலைப்படாத விளையாட்டுச் சட்டங்களும் ஏறத்தாழ இதே கோட்டையே வரைந்திருக்கின்றன. கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் எப்படி வேண்டுமானாலும் மட்டையாளரை ஏமாற்றலாம். ஆனால் களத்தில் நிற்கும் ஒருவர், கையில் பந்து இல்லாமலே எடுத்து எறிவதுபோல் நடித்து, ஓடுகிறவரைத் தயங்கச் செய்தால், 2017-இல் வந்த சட்டப்படி ஐந்து ஓட்டங்கள் தண்டம். பேஸ்பாலிலும் அவ்வாறே. மட்டைக்காரரை எறிவாளர் எவ்வளவும் ஏமாற்றலாம். ஆனால் எறியும் அசைவைத் தொடங்கிவிட்டு, எறியாமல் நிறுத்தி, தளத்தில் ஓடக் காத்திருப்பவரை ஏமாற்றக்கூடாது. அதற்கு ‘பாக்’ என்று பெயர். தண்டமாக ஓடுபவர்கள் அடுத்த தளத்துக்கு முன்னேறலாம். எறியத் தொடங்கிய கை ஒருவகையில் கொடுத்த வாக்காகிவிடுகிறது என்று அந்தச் சட்டம் கருதுகிறது போலும்.

கை என்றதும் முத்தையா முரளிதரனை நினையாமல் இருக்க முடியாது. கண்டித் தமிழர்; கட்டுகஸ்தோட்டை புனித அந்தோணியார் கல்லூரியில் பயின்றவர். பிறவியிலேயே அவரது முழங்கை முழுவதும் நீளாது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் மீண்டும் மீண்டும் தடை கூறினார். ஏமாற்றுக்காரன் என்னும் சொல் அதன்பின் பல்லாண்டுகள் அவரைத் தொடர்ந்தது. அவர் செய்தது என்ன? ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று தம் கையை அளக்கக் கொடுத்தார். 2004-இல் தொலைக்காட்சிக் கருவிகளின் முன்னே, முழங்கை மடங்கவே முடியாதபடி உலோகப் பட்டை பொருத்திய உறையை அணிந்துகொண்டு, சந்தேகத்துக்குள்ளான பந்துகளை எல்லாம் வீசிக் காட்டினார். பிற பந்துவீச்சாளர்களை அளந்தபோது, பழுதற்றவை எனக் கருதப்பட்ட பல கைகளும் ஓரளவு வளைந்து நிமிர்வது தெரியவந்தது. 15 பாகை வரை அனுமதிக்கலாம் என விதியே திருத்தப்பட்டது. 2010 ஜூலையில் காலி நகரில் தம் கடைசி டெஸ்டை ஆட வந்தபோது அவர் கணக்கில் 792 விக்கெட்டுகள், எட்டு வேண்டியிருந்தது, எட்டாவதைத் தம் இறுதிப் பந்தில் பெற்று 800-ஐ எட்டினார். பந்து திரும்பும் திசையை மட்டையாளரிடம் மறைத்தவர், தம் கையைச் சட்டத்தின் முன் மறைக்கவில்லை. அந்த உறையை அணிந்து வீசிய மாலைப்பொழுது 800 விக்கெட்டுகளுக்குக் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

எதிர்ப்பக்கத்துக்கும் சான்றுகள் உண்டு. 2018 மார்ச்சில் கேப்டவுனில் ஆஸ்திரேலிய அணியினர் உப்புத்தாளைக் கால்சட்டைக்குள் மறைத்து வைத்துப் பந்தைத் தேய்த்தனர். மறைத்தது பந்தின் போக்கையன்று, பந்தையே கெடுத்ததை. பேஸ்பாலில் பந்தில் எச்சில் தடவி எறிவது 1920-இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் கேலார்ட் பெரி என்பவர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அதனைச் செய்தே பேர் வாங்கினார். தொப்பியையும் சட்டைக் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். களிம்பு தடவுகிறார் என்று மட்டைக்காரர் கலங்குவார். பல நேரங்களில் அங்கே களிம்பே இராது. சிரிப்பு வருகிறது என்பதை மறுக்கவில்லை. எனினும், உண்மையில் தடவிய நாள்களில் அவர் பூனையின் பக்கமே நின்றார். 2010 ஆகஸ்டில் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது இவை எல்லாவற்றினும் கொடியது. பாகிஸ்தான் வீரர்கள் பணத்துக்காக, முன்கூட்டியே குறித்த பந்துகளைக் கோட்டைத் தாண்டி ‘நோ பால்’ ஆக வீசினர். மட்டையாளருக்கு அதனால் கேடு ஏதுமில்லை; ஓர் ஓட்டம் இலவசமாகக் கிடைத்தது. ஆயினும் ஆட்டத்தைக் காண வந்தவர்களும், உடன் ஆடியவர்களும், எலிகளாயினர். அவர்களுள் ஒருவன் பதினெட்டு வயது நிரம்பிய இளைஞன். வேகப்பந்தில் அரிய திறன் வாய்த்தவன். குறித்த பந்தைக் குறித்தபடி வீசும் ஆற்றல், எத்தனை ஆண்டுப் பயிற்சியால் வந்ததோ, அதுவே அன்று விலைபோயிற்று.

இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்துவிட்டபின் ஒரு தொல்லையான நிகழ்ச்சி எஞ்சுகிறது; அதுவும் அசுவினுடையது. 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில், பந்து வீச ஓடிவந்த அவர், மறுமுனையில் நின்ற ஜாஸ் பட்லர் கோட்டைவிட்டு வெளியேறுவதைக் கண்டு, வீசாமல் நின்று, குச்சிகளைத் தட்டி அவரை ஆட்டமிழக்கச் செய்தார். உலகமே இரண்டாகப் பிரிந்து வழக்காடியது. 1947-இல் சிட்னியில் வினு மங்கட் இதையே செய்தபோதும் ஆஸ்திரேலியச் செய்தித்தாள்கள் கொதித்தன. அப்போது மங்கட்டுக்காகப் பேசியவர் எதிரணித் தலைவர் பிராட்மனே. இதற்கு மாறாக, 1987 உலகக் கோப்பையில் லாகூரில் மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ், வெளியேறி நின்ற பாகிஸ்தானியரை எச்சரித்துவிட்டு விட்டுவிட்டார், அவர் அணி தோற்றது, வால்ஷ் போற்றப்பட்டார்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கோட்டுக்குள் நிற்பேன் என்பது மறுமுனை ஆட்டக்காரர் கொடுத்த வாக்கு. அதை முதலில் மீறுகிறவர் அவரே. ஓரடி முன்னே நகர்ந்து களவாடும் அந்தத் தூரம், இறுதி ஓவரில் வெற்றி தோல்வியையே மாற்றிவிடும். அதைத் தண்டிப்பவனைக் குற்றவாளி என்பது, திருடனைப் பிடித்தவனைப் பண்பற்றவன் என்பதுபோல் ஆகும். 2022-இல் சட்டம் இயற்றும் எம்.சி.சி.யும் இதனை ‘நேர்மையற்ற ஆட்டம்’ என்னும் பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ‘ரன் அவுட்’ பகுதியில் சேர்த்துவிட்டது. இதுவரை ஐயமில்லை. ஆனால் வீசும் கை உயர்ந்து, பந்து வெளிவர வேண்டிய நொடியும் கடந்து, எதிரி வெளியேறட்டும் என்று காத்து நின்றால்? அப்போது அந்தக் கை கொடுத்த வாக்கு என்னாயிற்று? கை செங்குத்து நிலையைக் கடந்தபின் இவ்வாறு ஆட்டமிழக்கச் செய்ய இயலாது என்று 2023 ஜனவரியில் சட்டத்தின் சொற்களைத் தெளிவுபடுத்தியபோது, அவர்களையும் இவ்வினாவே உறுத்தியிருக்க வேண்டும். ஜெய்ப்பூரில் அசுவின் காத்து நின்றாரா, கண்டவுடன் நின்றாரா என்று படத்தை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் நண்பர்கள் இருவர் ஒரே விடை சொல்வதில்லை. 2022-இல் அசுவினும் பட்லரும் ஒரே அணியில் ஆடினர் என்பது கொசுறுச் செய்தி.

களத்துக்கு வெளியே இந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் காண நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. கோவளம், சதுரங்கப்பட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் காலையில் படகு கரையேறியதும் மீன் ஏலம் விடப்படுகிறது. எடுக்க வந்த வியாபாரி, இந்தக் கூடைக்கு எவ்வளவு வரை போகலாம் என்பதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, வேண்டாதவர்போல் கடலைப் பார்த்து நிற்கிறார். விற்பவருக்கும் அது தெரியும். அவரும், இன்னொருவர் அதிகம் கேட்கக் காத்திருப்பதுபோல் சற்றுத் தாமதிக்கிறார். இருவரும் பந்துவீச்சாளர்களே, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடையின் அடியில் நேற்றைய மீனை வைத்து, மேலே இன்றைய வஞ்சிரத்தைப் பரப்பியிருந்தால் அது வேறு. அதனால்தான் பழகிய கைகள் கூடையைக் கிளறி, செவுளைத் தூக்கிப் பார்க்கின்றன. மனை விற்ற தரகனும் தனக்கு எவ்வளவு குறைந்த விலை போதும் என்பதை மறைத்திருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அவன் மறைத்தது நீர் நிற்கும் நிலத்தை. வாங்கியவர் மட்டையோடு வந்தவரல்லர். வாழ்நாள் சேமிப்போடு வந்தவர். இரண்டையும் ஒரே சொல்லால் நாம் பாராட்டும்போது, மாமல்லபுரத்துச் சிற்பி அருகருகே வைத்தும் பிரித்தே காட்டிய இரு தவங்களை ஒன்றாக்கிவிடுகிறோம்.

நம் பகுதி இளைஞர்கள் டென்னிஸ் பந்தில் ஆடும்போது கவனித்தால் ஒன்று தெரியும். பல ஆட்டங்களில் நடுவராக நிற்பவன் மட்டை பிடிக்கும் அணியைச் சேர்ந்தவனே. தன் முறை வரும்வரை சும்மா இருப்பவனை நிறுத்திவிடுகின்றனர். கருவிகள் கிடையாது, மறுபரிசீலனை கிடையாது. மெதுவாக வந்த பந்து மட்டையின் ஓரத்தை உரசியும் உரசாமலும் பின்னால் நிற்பவன் கையில் சேர்கிறது. பந்து வீசியவன் இரு கைகளையும் உயர்த்தித் திரும்பிப் பார்க்கிறான். கூச்சல் சற்று அடங்குகிறது. அடித்தவனின் தோழனாகிய நடுவன் ஒரு கணம் யோசிக்கிறான்; அவன் காதில் விழுந்த ஒலி அவனுக்கு மட்டுமே தெரியும்.